சிவப்புத் துணிக்குக் கீழே

கல்லூரி மைதானத்தின் ஓரத்தில், உயரமான இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. அதன் உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. சீருடைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் தினமும் மாலையில் ஏறி அந்தத் துணியைத் தொடுவார்கள். தொட்டதும் பிடியைத் தளர்த்திச் சர்ரென்று சறுக்கி மணலில் விழுவார்கள். தேர்விலும் அப்படித்தான். தொட்டால் மதிப்பெண். தொட்டவனை அதற்கப்புறம் யாரும் பார்ப்பதில்லை.

எல்லோரிலும் வேகம் பேச்சிமுத்து. தீயணைப்பு வேலைதான் வேண்டும் என்றிருந்தான். போன வருடம் ஒரே ஒரு மதிப்பெண்ணில் போனது. இந்த முறையும் போனால் அப்பாவோடு உப்பளத்துக்கு வருவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தான்.

பயிற்சி கொடுத்தவர் தேவசகாயம். பதினெட்டு வருடம் தீயணைப்பு வீரராக இருந்து, முழங்கால் போனபின் கல்லூரிக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

ஒருநாள் அவர் பேச்சிமுத்துவின் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருந்தது.

"நாளையிலேருந்து நீ சட்டத்துல ஏணி சாத்தி ஏறு. கயித்துல இறங்கு. கை மாத்திக் கை. நிதானமா."

"கயித்துல ஏறவே வேண்டாமா மாஸ்டர்?"

"வேண்டாம்."

மூன்று நாள் அப்படியே செய்தான். கூடப் படிக்கும் கனிராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏல, நீ பரீட்சைக்குப் போறியா, வெள்ளையடிக்கப் போறியா?"

நாலாம் நாள் பேச்சிமுத்து ஏணியைத் தொடவில்லை.

"பத்து நாள்தான் இருக்கு மாஸ்டர். இறங்குறதுக்கு மார்க் உண்டா?"

"கிடையாது."

"பெறகு எதுக்கு?"

மாஸ்டர் ஏணியில் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் முழங்காலைக் கையால் தூக்கி வைத்தார். சட்டத்தின் மேல் உட்கார்ந்ததும் ஏணியைக் காலால் எத்திவிட்டார். அது மணலில் விழுந்தது.

"மாஸ்டர்! என்ன செஞ்சிட்டீங்க?"

"கால் வலிக்குடே. வந்து இறக்கிவிடு."

கனிராஜ் ஏணியை எடுக்கக் குனிந்தான்.

"அதைத் தொடாத," என்று மேலிருந்து சத்தம் வந்தது.

பேச்சிமுத்து ஏறினான். சிவப்புத் துணியைத் தாண்டிப் போனதை அவன் கவனிக்கவில்லை.

மாஸ்டர் ஒல்லியான மனிதர். கையோடு கொண்டுபோயிருந்த துணிப்பட்டையால் தன்னை அவன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

கை மாற்றிக் கை. பாதி வழியில் அவன் தோள்கள் நடுங்கின. சறுக்கிவிடலாம் போலிருந்தது. சறுக்கவில்லை.

"பயமா இருக்கா மாஸ்டர்? கண்ணை மூடிக்கோங்க."

"மூடலைடே. உன் கையைத்தான் பாத்துட்டு வாரேன்."

மணலில் கால் பட்டதும் பேச்சிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அவனே ஏணியைத் தூக்கிவந்து சாத்தினான்.

தேர்வின் முடிவு தெரிந்த அன்று மாஸ்டரைத் தேடி வந்தான்.

"என்னடே ஆச்சு?"

"கிடைச்சிட்டு மாஸ்டர். கயித்துக்கு முழு மார்க். உப்பளத்துக்கு வரலைன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேன்."

"பெறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

பேச்சிமுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பரீட்சை அன்னைக்கு அங்கயும் கை மாத்தித்தான் இறங்கினேன். 'சீக்கிரம் குதிப்பா, அடுத்த ஆளு நிக்கான்'னு ஒருத்தர் விரட்டினாரு. துணியைத் தொட்டதும் நம்பரை எழுதிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. நான் இறங்கினதை ஒருத்தருமே பாக்கலை மாஸ்டர்."

மாஸ்டர் அவன் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தோல் ஆறியிருந்தது.

"நாளைக்கு உன் முதுகுல இருக்கிறவரு பாப்பாரு," என்றார்.