மூழ்கின கிணற்று மீன்

முதலில் சத்தம்தான் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அறைவது போல, தப், தப் என்று. விடிந்தும் விடியாத பனியில் பரிசலின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒழுகி ஏறின தண்ணீரைத் தகர டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்த மாரப்பன் கையை நிறுத்தினார்.

"தூண்டில்ல ஏதோ மாட்டியிருந்துச்சுங்ணா. இழுத்து உள்ள போட்டிருக்கேன்" என்றாள் பூவாத்தாள்.

பூவாத்தாளுக்கு நாற்பது வயது. மாரப்பனுக்கு ஐம்பத்தாறு. இருந்தும் அவள் குரு, அவர் சீடர். அணையின் கரையில் குடிசை போட்டு, மீன் பிடித்துப் பிழைத்துக்கொண்டு, தேடி வருகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புகிறவள் அவள். அப்படி மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த மாரப்பன் மட்டும் போகவில்லை. பகலெல்லாம் அவள் பரிசலில் கிடப்பார். பொழுது சாய்ந்தால் அக்கரையில் இருக்கிற தன் வீட்டுக்குப் போவார்.

அவர் மகன் குழந்தைவேல் போன பரிசல் அதே வருஷம் ஒரு மழைநாளில் கவிழ்ந்து கிடைத்தது. பையன் கிடைக்கவில்லை என்றுதான் ஊருக்கும் பெண்டாட்டி ராமாயிக்கும் மாரப்பன் சொல்லியிருந்தார்.

தினமும் ஒரே கேள்வி கேட்பார். இன்றைக்கும் கேட்டார்.

"என் பையன் எப்பங்கம்மா வருவான்?"

வழக்கமாக அவள், "தண்ணி ஏறுதுங்ணா, டப்பாவை எடுங்க" என்பாள். இன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

"மொதல்ல அது என்ன மீனுன்னு சொல்லுங்க."

மாரப்பன் குனிந்தார். முழ நீளம் இருந்தது. வெகுநாள் ஊறின தோல் போல வெளுத்துக் கிடந்தது. ஒரு கண் வெந்த முட்டை மாதிரி பூத்திருந்தது.

"இது நம்ம அணை மீனில்லீங்க" என்று நிமிர்ந்துவிட்டார்.

"அதுக்குள்ள பாத்தாச்சா?"

"முப்பது வருசமா இந்தத் தண்ணியில கெடக்கறனுங்க. முதுகு ஒருக்கா மினுங்கினாப் போதும், பேரு சொல்லிப்போடுவேன்."

"பெரிய ஆளுதான் போங்க."

அந்த அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேர் தெரியாத மீனை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். மீதியைப் பருந்து பார்த்துக்கொள்ளும்.

"கரையில போட்டறலாமுங்க" என்றார்.

"போட்டறலாம். அதுக்கு முந்திக் கண்ண மூடிட்டு ஒருக்காத் தடவிப் பாருங்க."

"எதுக்குங்க?"

"சும்மாதான். உங்க கை என்ன சொல்லுதுன்னு கேக்கத்தான்."

மாரப்பன் முனகிக்கொண்டே கண்ணை மூடினார். மீன் வழுக்கியது. அழுத்திப் பிடித்தார்.

"தலை எப்படி?"

"தட்டையாட்ட... பாம்புத் தலையுங்க."

"மீசை?"

"இல்லீங்க."

"முதுகு?"

"துடுப்பு தலைக்குப் பின்னால தொடங்கி வால்கிட்ட வரைக்கும் ஒரே ஓட்டமாப் போகுது."

தலையைத் தொட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கை போய்க்கொண்டே இருந்தது, வேறு மாதிரி ஏதாவது அகப்படாதா என்று. வால் வரைக்கும் போய் நின்றது. வட்டமான வால்.

"விராலுங்க" என்றார்.

"விராலு கறுப்பால்ல இருக்கும்?"

"எங்க போட்ட தூண்டிலுங்க இது?"

"மூழ்கின கிணத்துல. அணை கட்டறப்ப ஊரோட முழுகினதாமே. வாயில பாதி பலகைக்கல்லு மூடிக் கெடக்குது. உள்ள வெளிச்சமே போகாது."

"அதான் வெளுத்துப்போச்சு."

மாரப்பன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மீனை விடவும் இல்லை. பனி தாடியில் சொட்டியது.

"அம்மா" என்றார். "பரிசல் கவுந்த ஒன்பதாம் நாளு மதகுகிட்ட ஒண்ணு ஒதுங்குச்சு. போலீஸ்காரங்க என்னையக் கூப்பிட்டாங்க. துணிய வெலக்கிக் காட்டுனாங்க."

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"மொகம் அவன் மொகமே இல்லீங்க. வெளுத்து, ஊதி..."

"மொகத்த நான் கேக்கலீங்ணா."

தண்ணீர் பரிசலின் மூங்கிலில் மோதிக்கொண்டிருந்தது.

"காலு தெரிஞ்சுது. எடது கால்ல ரெண்டு விரலு ஒட்டியிருந்துச்சு. பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க. ராமாயி அந்த ரெண்டையும் சேத்துப் புடிச்சு முத்தம் குடுப்பா. அவங்ககிட்ட என் பையன் இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன். ஆளில்லாத பொணமுன்னு கரட்டோரம் பொதச்சுட்டாங்க. ஒரு கல்லுல நம்பர் மட்டும் எழுதியிருக்குது."

பூவாத்தாள் அழுகிறாளா என்றுகூடப் பனியில் தெரியவில்லை.

"ராமாயக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் அவனுக்குச் சோறு எடுத்து மூடி வெக்கறாளுங்க. காத்தால நான்தான் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில கொட்டறேன்."

"மூணு வருசமாவா?"

"மூணு வருசமா."

மீன் ஒருமுறை துள்ளி அடங்கியது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அவ தாங்கியிருக்க மாட்டாளுங்க. இத்தன நாள் கழிச்சுச் சொன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டா. நான் என்னதானுங்கம்மா பண்ணட்டும்?"

பூவாத்தாள் தவழ்ந்து வந்து, மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கிழியாமல் கழற்றினாள். அதைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். மாரப்பன் கண்ணைத் திறந்தார்.

"பேரு தெரிஞ்சுபோச்சுங்ணா" என்றாள். "இனி கரையில போட்டுட்டு வர முடியாது."



பரிசலில் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியிருந்தது. பூவாத்தாள் துடுப்பை எடுத்து, ராமாயி இருக்கிற அக்கரைப் பக்கம் வலிக்க ஆரம்பித்தாள். மீனை மடியில் வைத்தபடியே மாரப்பன் காலடியில் துழாவி டப்பாவைக் கண்டுபிடித்தார். ஒருமுறை மொண்டு ஊற்றினார். பிறகு இன்னொரு முறை.