சாம்பல் படிந்த மூக்கு

ஒரு காட்டில் ஒரு கழுதை இருந்தது, குழந்தைகளே. அதற்கு முதலில் தீங்கு செய்தது நரிதான். கழுதை அதை மறந்ததே இல்லை.

அந்தக் காட்டின் நடுவே கடவுளுக்கென்று ஒரு கூடாரம் இருந்தது. வெள்ளை ஆட்டுக்கடாதான் ஆசாரியர். கூடாரத்தின் திரைக்கு உள்ளே அவர் மட்டுமே போகலாம். வெளியே பலிபீடத்து நெருப்பை அணையாமல் காப்பது கழுதையின் பணி. முன்னோர் காலத்தில் வானத்திலிருந்து இறங்கிய நெருப்பு அது. விடிந்ததும் கழுதை குனிந்து மூக்கால் ஊதும். கனல் கண் விழிக்கும். அதில் ஒரு துண்டை எடுத்துப்போய் ஆசாரியர் தூபம் போடுவார். திரை தாண்டி வாசனை வரும்போது கழுதை கண்களை மூடிக்கொள்ளும்.

பீடத்தருகே நிற்பவருக்கு எல்லாரும் வணக்கம் சொல்வார்கள். நரிக்கு அதன்மேல் ஆசை.

ஒருநாள் அது ஆசாரியரிடம் ஓடியது. "ஆசாரியரே! புனிதமான காணிக்கை மாவைக் கழுதை தின்றுவிட்டது. மூக்கைப் பாருங்கள், வெள்ளை வெளேரென்று!"

"ஐயா, இது சாம்பல்" என்றது கழுதை.

"பால் குடித்த பூனையும் மீசையில் பனி என்றுதான் சொல்லும்!" என்று சிரித்தது நரி.

ஆசாரியர் நரியை நம்பினார். நெருப்பு நரியின் கைக்குப் போனது. சாம்பலைச் சட்டியில் சுமந்து, கூடாரத்தைச் சுற்றிக் கட்டிய எல்லைக் கயிற்றுக்கு வெளியே சுத்தமான இடத்தில் கொட்டும் வேலை கழுதைக்கு வந்தது. "இனி நெருப்பை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி உள்ளே வராதே" என்றார் ஆசாரியர்.

கொட்டிவிட்டுக் கழுதை அங்கேயே நிற்கும். அந்தப் பழைய காலைகளை நினைக்கும். வாசனை அவ்வளவு தூரம் வராது.

நரி சோம்பேறி. ஒரு குளிர்காலையில் சாம்பலோடு கனலையும் சேர்த்து வாரிச் சட்டியில் போட்டது. "தூக்கிக்கொண்டு போ, அண்ணே!"

பீடம் குளிர்ந்துவிட்டது. நரி பதறவில்லை. தான் காடை சுட்ட அடுப்பிலிருந்து நெருப்பு அள்ளி வந்து பீடத்தில் போட்டது. "நெருப்பு நெருப்புதானே!"

கயிற்றுக்கு வெளியே, கொட்டிய சாம்பலில் ஒரு செம்புள்ளி மினுங்கியது. கழுதை குனிந்து பார்த்தது. பீடத்துக் கனல்! இது அணைந்தால் முன்னோர் நெருப்பே போயிற்று! எடுத்துக்கொண்டு ஓடலாமா? நெருப்போடு கயிற்றைத் தாண்டக் கூடாதே. ஒரு மூச்சு ஊதியது, மறு மூச்சில், "ஆசாரியரே!" என்று கத்தியது.

திரைக்குள் தூபப் புகை மேலே எழவே இல்லை. காடைக் கொழுப்பு நாறியது. ஆசாரியர் இருமிக்கொண்டு வெளியே வந்தார்.

"இது எந்த நெருப்பு?"

"நெருப்பு... நெருப்புதானே, ஆசாரியரே?"

"யார் அங்கே கத்துவது?"

"கழுதைதான். அதற்கு வேறென்ன வேலை?"

ஆசாரியர் குரல் வந்த பக்கம் நடந்தார். கழுதை மண்டியிட்டுக் கனலை ஊதிக்கொண்டிருந்தது. மூக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அன்றைக்கும் சாம்பல்தானா?"

"அன்றைக்கே சொன்னேனே, ஐயா."

ஆசாரியர் தலைகுனிந்தார். கனலைத் தூபகலசத்தில் ஏந்தி, கழுதையையும் கூட்டிக்கொண்டு பீடத்துக்குத் திரும்பினார். நரியைக் கயிற்றுக்கு வெளியே துரத்தினார்.

இப்போதும் விடிந்ததும் கழுதை ஊதுகிறது. வாசனை வருகிறது. ஆனால் அது ஒரு கண்ணைத்தான் மூடுகிறது. மற்றொரு கண் கயிற்றுப் பக்கமே பார்த்திருக்கிறது. "நான் சொன்னது பொய், அண்ணே" என்று நரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறது.

நரி இன்னும் சொல்லவில்லை.

நீதி: பொய்யால் பணியைப் பறிக்கலாம்; பக்தியைப் பறிக்க முடியாது.