கேட்டுக்கு வெளியே ஒரு சொல்

"பாத்துப் போ கண்ணு" என்று ஒரு குழந்தையிடம் தமிழில் சொன்னதற்காக, அந்த இங்கிலீஷ் பள்ளியில் ஆயா மரகதத்துக்கு வேலை போனது. தாளாளர் ரத்தினசபாபதி அதோடு விடவில்லை. பெயின்டர் சூசையைக் கூப்பிட்டார்.

"இந்தக் காம்பவுண்டுக்குள் இங்கிலீஷைத் தவிர வேறு எந்தச் சொல்லும் நுழையக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல போர்டு எழுதி, கேட்டுக்கு உள்பக்கம் மாட்டு."

மறுநாள் காலை பெற்றோர்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். போர்டில் 'காம்பவுண்டு' வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தச் சொல் மட்டும் தனிப் பலகையில் கேட்டுக்கு வெளியே தொங்கியது.

"என்னய்யா கூத்து இது?" என்று சூசையைக் கேட்டார் தாளாளர்.

"அது இங்கிலீஷ் இல்லையே சார். மலாய்க்காரங்க ஊரைக் கம்போங்னு சொல்வாங்க. மலேசியாவுல ஈப்போ பக்கம் பத்து வருஷம் ஊர் போர்டெல்லாம் எழுதினவன் நான். வெள்ளைக்காரன் அதை எடுத்துத்தான் சுவர் வளைச்ச இடத்துக்குப் பேரா வச்சுக்கிட்டான். அகராதியைப் பாருங்க."

தாளாளர் பார்த்தார். அப்படித்தான் போட்டிருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"சரி சரி, அது ஒண்ணு மட்டும் உள்ளே வரட்டும்."

"கடல் தாண்டி வந்ததையே உள்ளே விடுறீங்க," என்றார் சூசை. "நம்ம மரகதம் அடுத்த தெருதானே சார்?"