காக்காய்க்கு வைக்காத புளிசாதம்

ஆவாரங்குளத்துக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். எள் என்றால் எண்ணெயாக நிற்பார்கள் என்று பக்கத்து ஊரில் அவர்களைப் புகழ்வார்கள். ஏனோ புகழும்போதெல்லாம் வாயைத் துண்டால் மூடிக்கொள்வார்கள்.

அந்த ஊர்ச் சடையப்பனுக்கும் அவன் கூட்டாளிகள் பொன்னுரங்கம், தவசி இருவருக்கும் மலையடிவாரத்து வனவிலங்குச் சரணாலயத்தில் காலாற நடந்துவிட்டு வர ஆசை வந்தது. சடையப்பன் மனைவி செங்கமலம் பித்தளைத் தூக்குவாளி நிறையப் புளிசாதம் போட்டுக் கொடுத்தாள்.

"இது எங்கம்மா வீட்டுச் சீரு. வாளி இல்லாம இந்த வாசப்படி ஏறப்படாது, ஆமா!" என்றாள்.

சடையப்பனுக்குச் சிறுத்தையிடம்கூட அவ்வளவு பயம் கிடையாது. வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு புறப்பட்டான்.

சரணாலய வாசலில் காவலாளி மாரண்ணன் விவரம் சொன்னார். "ஒருத்தர் பின்னால ஒருத்தரா போங்க. முன்னால போறவர் கால் வச்ச இடத்துலயே கால் வைங்க. எந்த உயிருக்கும் தின்ன எதுவும் குடுக்காதீங்க. இறகோ கொம்போ, மிருகத்து மேலேருந்து விழுந்தது எல்லாம் காட்டுக்குச் சொந்தம், தொடாதீங்க. உங்க பொருள் எதையும் உள்ளே விட்டுட்டு வராதீங்க."

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் நடந்த பொன்னுரங்கம் சேற்றுக் குழியில் இடுப்பளவு இறங்கிவிட்டார். தவசி கரையில் நின்று எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, உங்க கால் எங்க இருக்கு?"

"அடியில."

"அப்ப கொஞ்சம் நகருங்க. நீங்க நிக்கிற இடம்தான் எனக்கு வேணும்."

தவசி குதித்தான். சடையப்பனும் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவர்கள் நகரும்வரை காத்திருந்து அதே குழியில் இறங்கினான்.

கரையேறியதும் கொசு மொய்த்தது. "ஐயையோ, நம்ம ரத்தத்தைக் குடிக்குதே! தின்னக் குடுக்காதேன்னாரே!" என்று தவசி பதறினான். "அடிச்சுப்புடலாமா?" என்றான் சடையப்பன். "அடிக்கச் சொல்லலையே" என்றார் பொன்னுரங்கம். கொசுவுக்கு உட்கார நேரம் கொடுக்காமல் மூவரும் குதித்துக் குதித்தே நடந்தார்கள். அந்தச் சத்தத்தில் மயிலும் மானும் காத தூரம் ஓடிவிட்டன.

உச்சி வெயிலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சடையப்பன் வாளியைத் திறந்தான். கை வாய்க்குப் போகும் நேரத்தில் கிளையில் ஒரு காக்கா "கா" என்றது. கை அப்படியே நின்றுவிட்டது.

"காக்காய்க்கு வைக்காம எப்படிச் சாப்பிடறது? முன்னோர் கோவிச்சுக்குவாங்களே" என்றான் சடையப்பன்.

"வச்சா மாரண்ணன் கோவிச்சுக்குவாரு" என்றான் தவசி.

"காக்கா காட்டு மிருகமா?"

பொன்னுரங்கம் தீர்ப்புச் சொன்னார்: "ஊர்ல இருந்தா முன்னோரு. காட்டுல இருந்தா மிருகம்."

"இது ஊர்லேருந்து நம்ம கூடவே வந்திருந்தா?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும்."

கேட்டார்கள். காக்கா பிடிகொடுக்கவில்லை. சாப்பிட முடியாமல், சாதத்தைப் பார்த்துக்கொண்டு மூவரும் சிலையாக உட்கார்ந்திருந்தார்கள். பாவம், சடையப்பனுக்குப் பசியில் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது.

இவர்கள் அசையாததைப் பார்த்துத் துணிச்சல் வந்த ஒரு கடமான் புதரிலிருந்து வெளியே வந்தது. வாளிக்குள் மூக்கை விட்டது, தின்றது, தலையைத் தூக்கியது. வாளியின் கைப்பிடி கொம்பில் மாட்டிக்கொண்டது! மிச்சச் சாதம் தரையில் கொட்ட, காக்கா இறங்கிக் கொத்தித் தின்றது.

"அப்பாடா! நாம குடுக்கல, அதுவா எடுத்துக்கிச்சு. காக்காயும் தின்னுடுச்சு. இனி தாராளமாச் சாப்பிடலாம்" என்று தவசி கை கழுவிக்கொண்டு வந்தான். சாப்பிடத்தான் ஒன்றும் இல்லை.

சடையப்பனுக்கோ உயிரே கொம்பில் தொங்கியது. "என் வாளி! நான் எப்படி வீட்டுக்குப் போவேன்!" என்று மானின் பின்னாலேயே ஓடினான். மான் மிரண்டு தலையை உதறியது. வாளி டணார் என்று அவன் காலடியிலேயே விழுந்தது. குலதெய்வத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவன் குனிந்தான்.

"தொடாதே!" என்றார் பொன்னுரங்கம். "மிருகத்து மேலேருந்து விழுந்தது. காட்டுக்குச் சொந்தம்."

"அண்ணே, நம்ம பொருளை விட்டுட்டு வரக்கூடாதுன்னாரே!"

"நம்ம பொருளாத்தான் இருந்துச்சு. இப்ப காட்டுப் பொருள். காட்டுப் பொருளைக் காட்டுல விட்டா அது விட்டுட்டு வந்ததாகுமா?"

நியாயம் நியாயம்தானே. சடையப்பன் வாளியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தான்.

செங்கமலத்துக்குப் பயந்து ஊர் மந்தையிலேயே இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் காலையில் மூவரும் அவன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். படிக்கு முன்னால் நின்று மறுபடி ஆலோசனை நடந்தது.

"படி ஏறப்படாதுன்னுதானே சொன்னா? வீட்டுக்கு வரப்படாதுன்னு சொல்லலையே?" என்றார் பொன்னுரங்கம்.

பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிச் சாத்தினார்கள். மூவரும் கூரை மேல் ஏறினார்கள். ஓட்டு வீடு எத்தனை பேரைத்தான் தாங்கும்? மடமடவென்று ஓடு உடைந்து, அடுப்படியில் நெல் மூட்டைகளின் மேல் வந்து விழுந்தார்கள்.

கரண்டியும் கையுமாகச் செங்கமலம் திரும்பினாள். "வாளி எங்கய்யா?"

"சத்தியமா நான் படி ஏறல, செங்கமலம்" என்றான் சடையப்பன்.

அவள் வாயைத் திறப்பதற்குள், கூரை ஓட்டை வழியாக ஒரு காக்கா இறங்கி, அடுப்பு மேடையில் உட்கார்ந்து சோற்றுப் பானைக்குள் தலையை விட்டது. சடையப்பன் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா! இனிமே காக்காய்க்குச் சோறு வைக்க நீ வெளிய போற வேலையே இல்ல. தட்டை எடு, சாப்பிடலாம்."