அங்கவஸ்திரம் வைத்த வணக்கம்

"நேற்று கை தவறி ஒரு பந்து குழிக்குள் விழுந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது, ஓய்."

எண்ணெய்க் குளியலுக்குப் போய்க்கொண்டிருந்த செம்பாறை ராஜாவின் காதில் இது விழுந்தது. குரல் அமைச்சர் அனந்தப்பருடையது. ராஜா பில்லியர்ட்ஸ் மண்டபத்தின் கதவைத் தள்ளினார். சபை முழுவதும் கையில் கோலோடு நின்றது. அரண்மனைக் கடிதங்களை எழுதும் பூவராகன் சுவரோரம் இருந்தான்.

"விடியற்காலையில் என்ன பயிற்சி?"

ராஜாவின் பார்வை பூவராகன் மேல் வந்து நின்றது.

"தோற்கிற பயிற்சி, மகாராஜா," என்றான் அவன். "சும்மா தோற்றால் தங்களுக்குத் தெரிந்துவிடும். மயிரிழையில் தோற்க நிறையப் பழக வேண்டியிருக்கிறது."

வெள்ளைக்காரத் துரை ஒருவர் அந்த மேசையைப் பரிசளித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ராஜா ஒரு நாளும் தோற்றதில்லை. அவர் அடித்த பந்து குழி வாயில் தயங்கினால், அமைச்சரின் அங்கவஸ்திர நுனி குனிந்து ஒரு வணக்கம் வைக்கும். பந்து உள்ளே போய்விடும். சபை மெய்சிலிர்க்கும்.

அமைச்சர் முந்திக்கொண்டார். "எங்களில் நன்றாக ஆடுகிறவன் பூவராகன்தான், மகாராஜா. உண்மை பேசுகிறவனும் அவனே. அவனோடு ஆடிப் பாருங்களேன்."

"மாலையில் ஆடுவோம்," என்றார் ராஜா. "வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஆடினால் என்னை ஏமாற்றியவன், ஊரைவிட்டுப் போ. என்னை ஜெயித்தால் அரசனை அவமதித்தவன், அப்போதும் போ."

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊர் எல்லைதான். பூவராகன் வீட்டிலோ மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

மாலையில் பந்துகளை அடுக்கினார்கள். ராஜாவுக்குச் சிவப்பு ஏழு, பூவராகனுக்கு மஞ்சள் ஏழு. யாருடைய ஏழும் முதலில் குழிக்குள் போகிறதோ அவருக்கு வெற்றி.

"ஒரு விண்ணப்பம், மகாராஜா. தங்கள் சிவப்பை நான் அடிக்கிறேன். என் மஞ்சளைத் தாங்கள் அடியுங்கள். பந்து யாருடையது என்றுதான் விதி. யார் அடிப்பது என்று இல்லையே."

"என் பந்தை நீ முழு மனதோடு அடிப்பாயா?"

"உயிரைக் கொடுத்து அடிப்பேன்."

"நான் என்ன செய்வது?"

"மஞ்சள் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்."

அது தமக்கு இயல்பாகவே வரும் என்பதை ராஜா வெளியே சொல்லவில்லை.

மூன்றாவது முறை அவர் அடித்த மஞ்சள் உருண்டுபோய்க் குழி வாயில் தயங்கியது. பழக்கதோஷத்தில் அமைச்சரின் அங்கவஸ்திரம் தோளிலிருந்து கிளம்பிவிட்டது. மஞ்சள் விழுந்தால் ராஜாவுக்கு நஷ்டம் என்பது பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. சட்டென்று இழுத்துக்கொண்டார். மஞ்சள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானாகவே விழுந்தது.

ராஜா அந்த அங்கவஸ்திரத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"யாரும் தள்ளவில்லையே?"

"இல்லை, மகாராஜா. இது தாங்கள் அடித்தது."

ராஜா சட்டைக் கையை மடித்துவிட்டார். மஞ்சளை விழாமல் காப்பது அவருக்கு மறந்தே போயிற்று.

"பூவராகா, இதை அந்த ஓரத்தில் இடித்தால் குழிக்குப் போகுமா?"

"நான் எதிராளி, மகாராஜா. சொல்ல மாட்டேன்."

ராஜா சிரித்தார். அந்த மண்டபத்தில் யாரும் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

கடைசியில் மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று மிஞ்சின. ராஜா மூச்சை அடக்கி அடித்தார். மயிரிழையில் தவறியது, அது யாரும் பழகி வராத மயிரிழை. அடுத்தது பூவராகன் முறை. இதை விட்டால் மஞ்சள் ஜெயிக்கும், மஞ்சள் ஜெயித்தால் பந்தக்காலைப் பிடுங்க வேண்டும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடித்தான். சிவப்பு விழுந்தது.

"இப்போது நான் ஜெயித்தேனா, தோற்றேனா?"

"தங்கள் பந்து ஜெயித்தது, அதனால் எனக்கு ஊர் உண்டு. தங்கள் கை தோற்றது, அதுவும் மயிரிழையில். அப்படித் தோற்கத்தான் விடியற்காலையில் இங்கே பயிற்சி நடக்கிறது."

"மகாராஜாவின் கையாவது, தோற்பதாவது..." என்று தொடங்கினார் அமைச்சர்.

ராஜா அவர் தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை உருவிப் பூவராகனுக்குப் போர்த்தினார். பிறகு ஒவ்வொரு குழியாகக் கைவிட்டு, பந்துகளைத் தாமே எடுத்து மறுபடி அடுக்கினார்.