கிரனாடாவுக்கு அனுப்பிய அளவு

புதுச்சேரி நீதிமன்றத்தில் பல வருஷமாக சிவில் வழக்குகள் நடத்தி வந்த சௌதாமினிக்கு, கேட்ட கேள்விக்கு நேரே பதில் வராவிட்டால் பொறுக்காது. சாட்சி சொல்ல வந்தவரை, ஆமாவா இல்லையா அதை மட்டும் சொல்லுங்கள் என்று மடக்கி மடக்கியே பழகியவள். அப்படிப்பட்டவளுக்கு குருவாக வாய்த்தவர் பெலிக்ஸ் மாஸ்டர்.

அவளைவிட வயதில் மிகச் சிறியவர். ஸ்பெயினில் கிரனாடா என்ற ஊரில் தங்கி ஃபிளமெங்கோ கிட்டார் கற்றுக்கொண்டு வந்து, சைக்கிள் கடை மாடியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு. ஏதாவது கேட்டால் பெரும்பாலும் கிட்டாரை எடுத்துவிடுவார்.

சுற்றுலா போன இடத்தில் ஒருவர் கிட்டாரை வாசிக்கிறாரா அடிக்கிறாரா என்று புரியாதபடி வாசித்ததைக் கேட்டதிலிருந்து சௌதாமினிக்கு வேறு நினைப்பில்லை. ஐம்பதைத் தாண்டியபின் வகுப்பில் சேர்ந்தாள். கணவர் பலராமன், உடற்பயிற்சி மெஷின் பக்கத்தில் இடம் இருக்கிறது, கடைசியில் அங்கேதான் வைக்கப்போகிறாய் என்றார். அவள் வாங்கிய அந்த மெஷின்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

பழகுவதற்கு மாஸ்டர் ஒரு பழைய கிட்டாரைக் கொடுத்தார். அழுத்தினால் விரல்நுனி எரிந்தது. சுண்டுவிரல் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. எதை வாசித்தாலும் பாதி சுரம் செத்துப் பிறந்தது. கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு ஒருநாள் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"மாஸ்டர், இது என் கைக்கு ஆகாது. கிரனாடாவில என் கைக்குன்னு ஒண்ணு செய்யச் சொல்லப்போறேன். இப்பவே சொல்லலாமா, கொஞ்சம் போகட்டுமா?"

மாஸ்டர் அந்தப் பழைய கிட்டாரை எடுத்து மறுபடி அவளிடம் நீட்டினார்.

"வாசிங்க மேடம்."

"இது ஆமாவா, இல்லையா?"

"வாசிங்க."

ஆட்சேபணை இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கிரனாடாவில் கிட்டார் செய்பவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கழுத்து எவ்வளவு அகலம், கம்பி பலகையிலிருந்து எவ்வளவு உயரம், எந்த மாதிரி நாதம். சௌதாமினி ஒவ்வொரு கேள்வியையும் மாஸ்டரிடம் கொண்டுபோனாள். கழுத்தைப் பற்றிக் கேட்ட அன்று அவர் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நாதத்தைப் பற்றிக் கேட்ட அன்று, போன வாரப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். மாடிப்படி இறங்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சுவரைக் குறுக்கு விசாரணை செய்தால்கூட ஏதாவது தேறும் என்று நினைத்தாள்.

கடைசியில் எல்லாவற்றையும் அவளே முடிவு செய்தாள். கழுத்து ஒல்லியாக, கம்பி தாழ்வாக, தொட்டால் பேச வேண்டும். நீங்கள் புதிதாகக் கற்பவர், வழக்கமான அளவே போதுமே என்று செய்பவர் எழுதினார். அவள் எழுதிய பதிலுக்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

கிட்டார் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பழைய கிட்டாரைத் திட்டிக்கொண்டே வாசித்தாள். விடியற்காலை எழுந்து, கேஸ் கட்டைத் தொடுவதற்கு முன் வாசித்தாள். தப்பு வரும்போதெல்லாம், என் கிட்டார் வரட்டும் என்றாள். கணவரிடமும் அதையேதான் சொன்னாள். வக்கீல் சங்க ஆண்டு விழாவில் வாசிப்பதாகப் பெயரும் கொடுத்துவிட்டாள். விரல் எரிச்சல் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவே இல்லை.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. திறந்ததும் சைப்ரஸ் மரத்தின் வாசனை கூடமெல்லாம் பரவியது. உரித்த பாதாம் நிறம். பலராமன்கூட ஒரு விரலால் தடவிப் பார்த்தார். வீட்டில் தொடாமல் நேரே வகுப்புக்குக் கொண்டுபோய், மாஸ்டர் முன்னால் உட்கார்ந்து, விரல்களை விரித்துக் கம்பிகள்மேல் வீசினாள்.

கடகடவென்று தகரம் மாதிரி அதிர்ந்தது. மறுபடி வீசினாள். கம்பிகள் பலகையில் மோதின. இடதுகை விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கின.

அவள் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தாள். அகலம், உயரம், எல்லாம். பிறகு ஸ்கேலை மேஜைமேல் போட்டாள்.

"அளவுல தப்பு இருக்கா மேடம்?"

"இல்லை. நான் எழுதினதுதான். அடுத்த மாசம் விழா மாஸ்டர். எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன். இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மாஸ்டர் கிட்டாரை வாங்கினார். மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். அவர் வாசிப்பு மாதிரியே இல்லை அது. கம்பியைத் தொடவே பயந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் தயங்கி, பலமே இல்லாமல் தடவினார். விரல்களை விரிக்காமல் குறுக்கிக்கொண்டார்.

ஒரு அதிர்வு இல்லை. ஒவ்வொரு சுரமும் சுத்தமாக, இனிமையாக விழுந்தது.

யாருடைய கை, எந்த வருஷத்துக் கை அது என்று சௌதாமினிக்குத் தெரிந்துபோயிற்று. முகம் சுட்டது.

"தெரிஞ்சும் ஏன் மாஸ்டர் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அப்ப எனக்கும் தெரியாது மேடம். நீங்க இவ்வளவு வாசிப்பீங்கன்னு யார் கண்டா?"

அவர் புதுக் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். விழாவுக்குப் பழையதையே எடுத்துப்போகச் சொன்னார். சௌதாமினி மனசுக்குள் கணக்குப் போட்டாள். கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டை மாற்றினால் உயரத்தைச் சரிசெய்துவிடலாம். கழுத்தை ஒன்றும் செய்ய முடியாது. அவள் கோபத்தோடு நிமிர்ந்தாள்.

"சரி. இன்னொண்ணு செய்யச் சொல்றேன். எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும். இந்தத் தடவையாவது நேரா ஒரு பதில் சொல்லுங்க மாஸ்டர். என்ன அளவு கொடுக்கணும்?"

"யாருக்கு மேடம்?"

எனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்த சௌதாமினி நிறுத்திக்கொண்டு, பழைய கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.