ஈசல் விருந்துக்கு அலை ஏறிய தவளை

ஒரு குளத்தில் தொந்தியப்பன் என்றொரு தவளை இருந்தது. சோம்பேறி என்றால் அப்படியொரு சோம்பேறி! பூச்சி வாய்க்கு நேரே வந்தால்தான் நாக்கையே நீட்டும்.

அன்று மழை விட்டதும் எதிர்க்கரைப் புற்றிலிருந்து ஈசல் புறப்பட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் விருந்து! கொஞ்ச நேரம்தான் பறக்கும், அப்புறம் ஒன்றும் மிஞ்சாது. தொந்தியப்பனுக்கு எச்சில் ஊறியது.

"என்னங்க, கிளம்புங்க! நீந்திப் போயிடலாம்" என்றது அதன் மனைவி செவ்வந்தி.

"நீந்தணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" மிதந்துகொண்டிருந்த தென்னை மட்டையில் ஏறிச் சப்பணம் போட்டது தொந்தியப்பன். "அதோ, இந்தக் கரையோரம் தண்ணியில கிடக்கிற எருமை அக்கா புரண்டா அலை எதிர்க்கரைக்கே ஓடுது பார். அதுமேல உட்கார்ந்தா போச்சு!"

செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தது.

எருமை ஒரு புரளு புரண்டது. அலை வந்தது. மட்டை ஜம்மென்று மேலே ஏறியது.

"ஆஹா, அலையோட முகட்டுக்கே வந்துட்டேன்!"

சொல்லி வாய் மூடவில்லை, தொபுக்கென்று பள்ளத்தில் இறங்கியது. அந்தப் பள்ளத்துக்கு அகடு என்று பேர். அங்கிருந்து பார்த்தால் கரையே தெரியவில்லை. அலை தன்பாட்டுக்கு ஓடிப்போனது. மட்டை அதே இடத்தில்!

"வீச்சு பத்தலை அக்கா! உயரமா அனுப்பு!"

"அதுக்கென்ன தம்பி!" என்று எருமை தொம்மென்று விழுந்தது. முகடு எகிறியது, அகடும் அதே அளவு ஆழமானது. தொந்தியப்பன் மட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் வீம்பு விடுமா?

"ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இவ்வளவு தூரமா? அலைநீளம் ஜாஸ்தி! நெருக்கி விடுக்கா!"

எருமை வாலால் படபடவென்று அடித்தது. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு! முறத்தில் போட்ட அரிசியாகக் குலுங்கிய தொந்தியப்பன், "பறக்கிறேன்! பறக்கிறேன்!" என்று கண்ணை மூடிக்கொண்டு கூவியது.

கண்ணைத் திறந்தால் எதிரே செவ்வந்தி. வயிறு பானை மாதிரி இருந்தது.

"வந்து சேர்ந்துட்டேனா? ஈசல் எங்கே?"

"கிளம்பின இடத்துலயே இருக்கீங்க. ஈசல் தீர்ந்துபோச்சு."

"ஐயோ! எனக்குன்னு ஒண்ணாவது எடுத்து வச்சியா?" தொந்தியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாய்ல வச்சு பத்திரமாத்தான் கொண்டுவந்தேன். நடுக்குளத்துல நீங்க கேட்டு வாங்கின அலை வந்து மூஞ்சில அடிச்சுது. முழுங்கிட்டேன்!"

ஏறி இறங்குவதையெல்லாம் முன்னேறுவது என்று நினைக்கிறவன், புறப்பட்ட இடத்திலேயே பட்டினி கிடப்பான்.